பள்ளிக் கட்டணத்தைக் கட்டியது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பின்காலனிய நாவல்களில் பெண்களைப் பற்றி முழுப் பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டிருந்தீர்கள். சினிமாப் படங்களுக்கு நடுவே நைஜீரிய நாவல் ஒன்றுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததே பெரிய விஷயம். அந்தச் சந்தோஷத்தோடு படிக்க உட்கார்ந்தேன். பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

கட்டுரையாளர் எடுத்துக்கொண்டது நைஜீரியப் பெண் எழுத்தாளர் புச்சி எமெச்செட்டாவின் ‘தாய்மையின் மகிழ்ச்சிகள்’ (தலைப்பின் தமிழ் வடிவம் என்னுடையது). கட்டுரையின் வாதம் சுருக்கமாக இதுதான்: கதைநாயகி நு எகோ முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அழுதுகொண்டே இருக்கிறாள், எதையும் எதிர்க்கவில்லை; எதிர்க்கிற ஒரே பெண் சக்களத்தி அடாக்கு, அவளும் மேலைநாட்டுப் பெண்ணியத்தின் நகல்; ஆகவே அந்தத் தலைமுறை ஆப்பிரிக்கப் பெண் எழுத்தாளர்கள் வேதனையைப் பதிவு செய்தார்கள், எதிர்ப்பு என்பது பிற்பாடு கோட்பாடுகள் வழியாக வந்து சேர்ந்தது. மூன்றிலும் எனக்குச் சண்டை உண்டு.

நான் சிவகாசிப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எம்.ஏ. வகுப்பில் இந்த நாவலைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிடைக்கும் கைடுகளிலும் உங்கள் கட்டுரையாளர் சொன்னதேதான் இருக்கும். ‘நு எகோ ஒரு தியாகத் தாய்: விவரிக்க’, பத்து மதிப்பெண். மாணவிகள் அதை மனப்பாடம் செய்து எழுதுவார்கள், நாங்களும் எட்டு, எட்டரை என்று போட்டுக் கட்டி வைப்போம். ஆனால் வகுப்பில் நாவலை வரிவரியாக வாசிக்கும்போது அந்தப் பதில் நிற்காது. அது முதலில் தடுமாறுகிற இடம் நீதிமன்றக் காட்சி. உங்கள் கட்டுரை அதை ஒரே வரியில் கடந்து போய்விட்டது.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நு எகோ, நைஜீரியாவின் இக்போ இனத்தவர் வாழும் இபுசா என்ற ஊரின் தலைவர் ஒருவரின் மகள். முதல் கல்யாணத்தில் குழந்தை இல்லை. கணவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு இவளை வயல் வேலைக்கு அனுப்புகிறான். இரண்டாவது கணவன் நயிஃபே, நைஜீரியாவின் பெரிய நகரமான லாகோஸில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் துணி வெளுக்கிறவன். அங்கே பிறந்த முதல் குழந்தை சில வாரங்களில் இறந்துபோக, பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். நாவல் தொடங்குவதே அந்த ஓட்டத்தில், 1934-இல். பிறகு வரிசையாகப் பிள்ளைகள். வேலை போன கணவன் கப்பலில் போகிறான், திரும்பி வருகிறான், ரயில்வேயில் புல் வெட்டுகிறான், ஒருநாள் பிடித்துக்கொண்டு போய்ப் பட்டாளத்தில் சேர்த்துவிடுகிறார்கள், இந்தியா பர்மா வரை போய்வருகிறான். இத்தனை காலமும் நு எகோ சிகரெட்டும் தீப்பெட்டியும் சில்லறைக்கு விற்று, விறகு விற்று, குடும்பத்தை ஓட்டுகிறாள். மூத்த மகன் ஓஷியாவின் படிப்பும் அதில்தான் நடக்கிறது.

போருக்குப் பின் நயிஃபே வீடு திரும்புகிறான். இரட்டைப் பெண்களில் ஒருத்தி யோருபா இனத்துக் கசாப்புக்கடைக்காரர் மகனோடு போய்விட்டாள் என்று கேட்டதும் கத்தியைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடி ஒருவரைக் காயப்படுத்திவிடுகிறான். வழக்கு நடக்கிறது. நு எகோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்று வக்கீல் கேட்கிறார். கணவர்தான் என்கிறாள். துருவிக் கேட்டால் பணம் அவளுடையது என்று வெளியே வருகிறது. அதெப்படி இரண்டும் உண்மையாகும் என்று மடக்குகிறார். அவள் பதற்றமே இல்லாமல் விளக்குகிறாள்: குடும்பத்துக்குத் தலைவர் அவர், மேலே இருக்கிற கடவுளுக்கு நாமெல்லாம் சொந்தமாக இருப்பதுபோல் நான் அவருக்குச் சொந்தம், ஆகவே நான் கட்டினாலும் கட்டியது அவர்தான்.

இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். ஒவ்வொரு வருஷமும் சிரிக்கும். ஒரு வருஷம் மட்டும் பின்வரிசையில் இருந்த ஒரு பெண் சிரிக்காமல் எழுந்து நின்றாள். “மேம், எங்கம்மாவும் இப்படித்தான் சொல்லும். யாரு ஃபீஸ் கட்டினாங்கன்னு கேட்டா அப்பான்னுதான் சொல்லும். பணம் தீப்பெட்டி ஒட்டின பணம்” என்றாள். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் பாதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடைய வீடுகளிலிருந்து வருகிறவர்கள், குரோஸ் கணக்கு (ஒரு குரோஸ் 144 பெட்டி) தெரிந்தவர்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் கட்டணக் கவுண்டர் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அங்கே பார்க்கத் தோன்றும். சேலை முந்தியில் முடிந்து வைத்த நோட்டுகளை அவிழ்த்து, நீவி, எண்ணித் தருவது அம்மா. கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்தே பார்க்காமல் ‘தந்தை பெயர்?’ என்பார். ரசீதில் ஏறுவது அந்தப் பெயர்.

நு எகோ சொன்ன பதிலை அறியாமை என்கிறார் உங்கள் கட்டுரையாளர். நான் அப்படிப் படிக்கவில்லை. தான் எந்த ஏற்பாட்டுக்குள் வாழ்கிறாள் என்பதை அவ்வளவு துல்லியமாக வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. உழைப்பு என்னுடையது, உழைக்கிற உடம்பு அவருடையது, ஆகவே வரவு அவர் கணக்கில். இதில் தர்க்கப் பிழை எங்கே இருக்கிறது? ஆங்கிலேயர் ஆண்ட லாகோஸின் அந்த நீதிமன்றம் எந்தச் சட்டத்தின் வாரிசு என்பதையும் யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1870-இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை மனைவி சம்பாதித்த கூலியும் கணவனுக்குத்தான் சொந்தம். 1882-இல்தான் அவள் தன் பெயரில் முழுதாகச் சொத்து வைத்துக்கொள்ள முடிந்தது. அதாவது லாகோஸ் சாட்சிக் கூண்டில் நின்ற பெண் சொன்னதை, விக்டோரியா ராணி பட்டத்துக்கு வந்த காலத்து லண்டன் நீதிபதி கேட்டிருந்தால், ‘சரியாகச் சொன்னாய் அம்மா’ என்று குறித்துக்கொண்டிருப்பார். காட்டுமிராண்டி வழக்கத்திலிருந்து பெண்களைக் காப்பாற்ற வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஆட்சியின் நீதிமன்றத்தில், அதன் பாட்டி காலத்துச் சட்டத்தை ஒரு விறகுக்காரி ஒப்பிக்கிறாள். எமெச்செட்டா இதைத் தெரியாமல் எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. லண்டனில் சமூகவியல் படித்தவர் அவர்.

அந்தப் பதிலால் நடந்ததையும் பாருங்கள். அது கணவனுக்கு எதிராகவே திரும்புகிறது, அவன் சிறைக்குப் போகிறான். சொந்தக்காரர்கள் பழியைத் தூக்கி இவள் தலையில் போடுகிறார்கள்: இவள் வாயால்தான் அவன் உள்ளே போனான் என்று. கணவனை விட்டுக்கொடுக்காமல் பேசியவள் கணவனைக் காட்டிக்கொடுத்தவள் ஆகிவிட்டாள். எந்தப் பக்கம் பேசினாலும் குற்றம் அவளுடையது என்று ஆக்கி வைத்திருக்கிற ஒரு அமைப்பை இதைவிட எப்படிக் காட்டுவது?

சரி, எதிர்ப்புக்கு வருகிறேன். ‘எதையும் எதிர்க்கவில்லை’ என்ற வரியைப் படித்ததும் சமையல் வேலைநிறுத்தம் கட்டுரையாளர் கண்ணில் படவே இல்லையா என்றுதான் கேட்கத் தோன்றியது. நயிஃபேயின் அண்ணன் இறந்ததும் வழக்கப்படி அண்ணன் மனைவியர் தம்பிக்கு வந்து சேர்கிறார்கள். அதில் ஒருத்தியான அடாக்கு லாகோஸுக்கே வந்துவிடுகிறாள். ஒரே அறை. இருவரும் பிள்ளைகளும் அதற்குள்தான். வாய் கூடிவிட்டது, சாப்பாட்டுப் பணம் மட்டும் கூடவில்லை. கணவனின் கள் செலவும் குறையவில்லை. இரண்டு பெண்களும் பேசி வைத்துக்கொண்டு அடுப்பை மூட்டுவதில்லை என்று முடிவு செய்கிறார்கள். ஊராக இருந்தால் ஆண் பணிந்து வந்திருப்பான். லாகோஸில் அது பலிக்கவில்லை. பிள்ளைகள் பசியில் சுருளும்போது யார் முதலில் விட்டுக்கொடுப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஏன் பலிக்கவில்லை என்பதில்தான் இந்த நாவலின் அரசியலே இருக்கிறது. இபுசாவில் ஒவ்வொரு மனைவிக்கும் தனிக் குடிசை, தன் பங்குக்கு நிலம், சந்தையில் தன் வியாபாரம், சுற்றிலும் மற்றப் பெண்கள். லாகோஸில் வாடகை அறை, அதுவும் கணவனின் வேலையை நம்பி. அந்தக் கணவனோ வெள்ளைக்காரிச்சியின் உள்ளாடை துவைத்துச் சம்பளம் வாங்குகிறவன். எஜமானர் அவனைக் குரங்கு என்று கூப்பிட்டு நக்கலடிக்கிறார். பக்கத்தில் குடியிருக்கும் சமையல்காரர் மனைவி கார்டீலியா நு எகோவிடம் சொல்வது இதுதான்: இவர்களின் ஆண்மையை வெள்ளைக்காரர்கள் பறித்துக்கொண்டார்கள், பறிபோனதே இவர்களுக்குத் தெரியவில்லை. வெளியே தொலைத்ததை ஆண் வீட்டுக்குள் வந்து வசூலிக்கிறான். ஆணாதிக்கம் பழைய ஊரில் இல்லை என்று எமெச்செட்டா சொல்லவில்லை, அங்கும் அது கொடூரமாகவே இருக்கிறது. ஆனால் அங்கே அதற்கு எதிராகப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. நகரம் ஆணின் அதிகாரத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டு, பெண்ணின் பிடிமானத்தை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டது.

அந்தப் பிடிமானம் எப்படிப்பட்டது என்பதற்கு வரலாற்றில் பெரிய சாட்சி உண்டு. இக்போ பெண்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மனைவியை அடிக்கிறவன், சந்தை விதியை மீறுகிறவன் வீட்டு முன்னால் ஊர்ப் பெண்களெல்லாம் கூடி, அவனை வைத்து வசைப்பாட்டுப் பாடி, ஆடி, உலக்கையால் குடிசையை இடித்து, மன்னிப்புக் கேட்கும்வரை நகரமாட்டார்கள். ‘ஆண்மேல் உட்காருதல்’ என்று இதற்குப் பெயர். 1929 நவம்பரில் ஒலோக்கோ என்ற ஊரில், ஆங்கிலேயர் நியமித்த தலைவரின் ஆள் ஒருவர் கணக்கெடுக்க வந்து, பனை எண்ணெய் பிழிந்துகொண்டிருந்த நுவான்யெருவா என்ற பெண்ணிடம் ஆடுமாடுகளையும் ஆட்களையும் எண்ணச் சொன்னார். எண்ணிக்கை வந்தால் பின்னாலேயே வரி வரும் என்று நுவான்யெருவாவுக்குத் தெரியும். ‘உன் அம்மாவை எண்ணினார்களா?’ என்று திருப்பிக் கேட்டார். அங்கே பற்றிய தீ பல்லாயிரம் பெண்களின் எழுச்சியாகிப் பரவியது. கணவனிடம் செய்ததையே அவர்கள் ஆட்சியிடமும் செய்தார்கள்: நியமனத் தலைவர்களின் வாசலில் உட்கார்ந்தார்கள், பதவியின் அடையாளமான தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள், நீதிமன்றக் கட்டடங்களை இடித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். ஆங்கிலேயக் கோப்புகளில் அது ‘ஆபா கலவரம்’. அந்தப் பெண்கள் சொன்னது ‘பெண்கள் போர்’.

இந்தப் போர் நடந்தது நைஜர் ஆற்றுக்குக் கிழக்கே. இபுசா ஆற்றுக்கு மேற்கே. நு எகோ அதில் இருந்தாள் என்று நான் சொல்ல வரவில்லை, நாவலும் சொல்லவில்லை. ஆனால் கதை தொடங்குகிற 1934-க்கு ஐந்தே வருஷம் முன்னால், அதே மொழி பேசுகிற பெண்கள் ஒரு சாம்ராஜ்யத்தை நடுங்க வைத்திருக்கிறார்கள். லாகோஸிலும் சும்மா இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத மீன் வியாபாரி அலிமோட்டு பெலெவுரா சந்தைப் பெண்களைத் திரட்டிப் பெண்கள் மீதான வருமான வரியை எதிர்த்தார், போர்க்காலத்தில் உணவுப் பொருளுக்கு அரசு வைத்த விலைக் கட்டுப்பாட்டை எதிர்த்தார். நு எகோ சிகரெட்டை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகள், அதே நகரம். எதிர்ப்பு கோட்பாடுகள் வழியாகப் பிற்பாடு வந்து சேர்ந்ததாம்! எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்துவிட்டு உலக்கையைத் தூக்கினார்கள் அந்தப் பெண்கள்?

அந்த வரலாற்றைப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு பெண்கள் மட்டும் நடத்தித் தோற்ற அந்தச் சமையல் வேலைநிறுத்தம் வேறு மாதிரித் தெரிகிறது. தோற்றது அவர்களின் துணிச்சல் இல்லை. வாசலில் வந்து உட்கார ஊர் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து அடாக்கு. அவள் மேலைநாட்டு நகலா? அவள் வீட்டைவிட்டுப் போகும் காட்சியைத் திரும்ப ஒருமுறை படியுங்கள். இரண்டு மனைவிகளுக்கும் தகராறு, நியாயம் கேட்கச் சொந்த ஊர் ஆண்களைக் கூப்பிடுகிறார்கள். தப்பு நு எகோவுடையது. அடாக்குவைப் பார்க்க வந்த விருந்தாளியை அவமதித்தவள் அவள்தான். ஆனால் திட்டு வாங்குவது அடாக்கு. காரணம், நு எகோ ஆண் பிள்ளை பெற்றவள், இவள் பெண் பிள்ளைகளை மட்டும் வைத்திருப்பவள். ஆண் வாரிசு தராதவளுக்கு வழக்குப் பேசவே வாயில்லை என்கிறார்கள். அன்றோடு அடாக்கு முடிவு செய்கிறாள்: இந்தக் கணக்கில் எனக்கு வரவே கிடையாது என்றால் கணக்கையே முடித்துக்கொள்கிறேன். வேசியாகப் போகிறேன் என்று எல்லோர் முகத்திலும் அடித்தாற்போல் சொல்லிவிட்டுத் தனி அறை எடுக்கிறாள், துணிக்கடை போடுகிறாள், மகள்களைப் படிக்க வைக்கிறாள். இதில் எது லண்டனிலிருந்து வந்தது? சந்தை அவள் பாட்டியுடையது. கடை போடத் தெரிந்தது அவள் அம்மாவிடமிருந்து. மேலைநாட்டுப் பெண்ணியத்தோடு தன்னை முழுதாகச் சேர்த்துக்கொள்ள எமெச்செட்டாவே கடைசிவரை தயங்கினார். நாமோ அவருடைய பாத்திரத்துக்கு வம்படியாக விசா வாங்கித் தருகிறோம்.

இதே இடத்தில் நு எகோவையும் விட்டுவிடக் கூடாது. தியாகத் தாய் என்று மாலை போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பதற்காக இரட்டைப் பெண்களைத் தெருவில் சாமான் விற்க அனுப்புகிறவள் அவள்தான். நீங்கள் பெண்கள், அவர்கள் ஆண்கள், அவர்களைத் தூக்கிவிட நீங்கள் உழைக்க வேண்டும் என்று வாய்விட்டே சொல்கிறாள். அடக்குமுறை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, அது அம்மா கையால் சோறு போட்டுக்கொண்டே வரும் என்பதை எமெச்செட்டா மழுப்பவில்லை. பின்னால் இதே நு எகோ தனியாக இருக்கும்போது கடவுளிடம் கேட்கிறாள்: யாருடைய ஒட்டுவாலாகவும் இல்லாமல் தனக்குள்ளேயே நிறைவாக இருக்கும் ஒரு பெண்ணை எப்போது படைக்கப்போகிறாய்? ஆண் பிள்ளைதான் வேண்டும் என்ற சட்டத்தை யாரையும்விட நாங்கள் பெண்களே அதிகமாகக் கட்டிக்காக்கிறோம் என்றும் அவளே சொல்கிறாள். இவ்வளவும் புரிந்தவள், புரிந்த பிறகும் வெளியேற முடியாதவள். ‘பாதிக்கப்பட்டவள்’ என்ற ஒற்றைப் பெட்டியில் இவளை எப்படி அடைப்பது? மூன்றாம் உலகப் பெண் என்றாலே ஒரே அச்சில் வார்த்த பரிதாபப் பொம்மையாக மேலைநாட்டு ஆய்வுகள் ஆக்கிவிடுகின்றன என்று மும்பையில் பிறந்த சந்திரா தல்படே மொஹந்தி 1980-களிலேயே கடுமையாக எழுதிவிட்டார். அந்தப் பொம்மையை இப்போது நாமே செய்துகொள்கிறோம்.

தாய்மையைக் கேள்வி கேட்டதுகூட எமெச்செட்டாவிடம் ஆரம்பித்ததில்லை. இன்னொரு நைஜீரியப் பெண் எழுத்தாளரான ஃபுளோரா நுவாபாவின் ‘எஃபுரு’ நாவல் 1966-இல் வெளிவந்தது. எஃபுரு பரிசப்பணம் கொடுக்க வக்கில்லாத ஒருவனோடு போய்விடுகிறாள். பிறகு இருவரும் வியாபாரம் செய்து சம்பாதித்து அந்தப் பரிசப்பணத்தைக் கட்டுகிறார்கள். தன்னுடைய விலையில் பாதியைத் தானே சம்பாதித்த பெண் என்று வகுப்பில் சொல்வேன். இரண்டு கணவர்களும் சரிப்படாமல் போக, கடைசியில் அப்பா வீட்டுக்குத் திரும்பி ஏரித் தெய்வம் உஹமிரிக்கு அடியவளாக வாழ்கிறாள். அந்தத் தெய்வத்திடம் அழகு உண்டு, செல்வம் உண்டு, பிள்ளை கிடையாது. தாய்மையின் மகிழ்ச்சியை அவள் அறிந்ததே இல்லை, பிறகு ஏன் பெண்கள் அவளைக் கும்பிடுகிறார்கள் என்ற கேள்வியோடு நுவாபா நாவலை முடிக்கிறார். எமெச்செட்டா தன் தலைப்பை எடுத்தது அந்தக் கடைசிப் பத்தியிலிருந்துதான். பதின்மூன்று வருஷம் கழித்து ஒருத்தி கேட்ட கேள்விக்கு இன்னொருத்தி ஒரு நாவலையே பதிலாக எழுதியிருக்கிறாள். இந்தத் தொடர்ச்சியைச் சொல்லாமல் கட்டுரையாளர் எமெச்செட்டாவைத் தனி மரமாக நிறுத்திவிட்டார்.

எழுதியவரின் வாழ்க்கையைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. லாகோஸ் பக்கம் யாபாவில் 1944-இல் ரயில்வேத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்தவர், சின்ன வயதிலேயே கல்யாணம், கணவனோடு லண்டன், ஐந்து பிள்ளைகள். அவர் எழுதிய முதல் கையெழுத்துப் பிரதியைக் கணவன் அடுப்பில் போட்டுக் கொளுத்தினான். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார், நூலகத்தில் வேலை பார்த்தார், பட்டம் வாங்கினார், எரிந்த அந்த நாவலைத் திரும்ப உட்கார்ந்து எழுதி 1976-இல் வெளியிட்டார். வேதனையைப் பதிவு செய்தவராம்.

இடத்துக்காகச் செனகல் பக்கம் அதிகம் போகவில்லை. ஆனாலும் மரியாமா பாவைச் சொல்லாமல் விட மனமில்லை. அவருடைய ‘இவ்வளவு நீண்ட கடிதம்’ நாவலும் அதே 1979-தான். கணவன் இரண்டாம் கல்யாணம் செய்ததும் அய்சத்து பிள்ளைகளோடு வெளியேறி மொழிபெயர்ப்பாளராகி அமெரிக்கா போகிறாள். அவள் தோழி ரமத்துலாயே அதே நிலைமையில் வெளியேறவில்லை, பன்னிரண்டு பிள்ளைகளோடு அங்கேயே இருக்கிறாள். உங்கள் கட்டுரையாளரின் அளவுகோலில் முதலாமவள் ‘எதிர்ப்பு’, இரண்டாமவள் ‘பணிவு’. ஆனால் கணவன் இறந்து நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த கையோடு அவன் அண்ணன் வந்து, உன்னை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று அதிகாரமாகச் சொல்லும்போது, முப்பது வருஷம் வாயை மூடியிருந்த ரமத்துலாயே அவனுக்குக் கொடுக்கிற டோஸ் இருக்கிறதே! அப்புறம், அய்சத்து வாங்கித் தந்த ஃபியட் காரை அவள் ஓட்டக் கற்றுக்கொள்கிற பகுதி. பஸ்ஸுக்கு நின்று நின்று சலித்த ஒரு ஆசிரியைக்கு இன்னொரு பெண்ணின் சம்பாத்தியத்தில் கார் வருகிறது. வகுப்பில் எங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் அது. புரட்சி என்றால் போய்விடுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள், போகாதவளுக்குப் போனவள் கார் வாங்கித் தருவதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

கடைசியாக, நு எகோவின் முடிவு. மூத்தவன் அமெரிக்காவில், அடுத்தவன் கனடாவில். பெற்று வளர்த்தவள் ஒரு ராத்திரியில் தெருவோரம் தனியாகச் செத்துப்போகிறாள். பிள்ளைகள் ஓடிவந்து ஊர் மெச்சக் கருமாதி செய்கிறார்கள், கோயில் கட்டுகிறார்கள். கட்டுரை இங்கே ‘கண்ணீர் முடிவு’ என்று நின்றுவிடுகிறது. நாவல் நிற்கவில்லை. குழந்தை வரம் கேட்டு அந்தக் கோயிலுக்குப் போகிற பெண்கள் யாருக்கும் நு எகோ வரம் கொடுப்பதில்லை. செத்த பிறகும் பொல்லாதவள் என்று ஊர் பேசுகிறது. நாவலின் தொடக்கத்துக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். நு எகோவின் அப்பா வீட்டு மூத்த மனைவி இறந்தபோது துணைக்குப் புதைக்க ஒரு அடிமைப் பெண்ணை இழுத்துவருகிறார்கள். அவள் வரமாட்டேன் என்று போராடுகிறாள், கெஞ்சுகிறாள், அடித்துக் குழியில் தள்ளுகிறார்கள். அந்தப் பெண்தான் நு எகோவின் ‘சீ’, அவளோடு பிறந்த தெய்வம் என்று வைத்தியர் சொல்கிறார். குழிக்குள் போகமாட்டேன் என்று மறுத்தவளில் தொடங்கி, வரம் தரமாட்டேன் என்று மறுப்பவளில் முடிகிற கதையில் எதிர்ப்பே இல்லை என்று எப்படி அச்சேற்றினீர்கள்?

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். இந்தக் கட்டுரைகளை எம்.ஏ. மாணவிகள் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிக்கிறார்கள். என்னிடம் படித்தவர்களே இன்றும் வாட்ஸாப்பில் அனுப்பிக் கேட்கிறார்கள். ஆகவே ஒரு நாவலை வைத்து ஒரு கண்டத்துக்கே தீர்ப்புச் சொல்கிற கட்டுரை வந்தால், நாவலை முழுசாகப் படித்த ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கட்டுரையாளருக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ‘எஃபுரு’ கிடைக்கவில்லை என்றால் என்னிடம் பழைய பிரதி ஒன்று இருக்கிறது, திருப்பித் தருவதாக இருந்தால் அனுப்பிவைக்கிறேன்.

இரண்டாவது, எமெச்செட்டாவின் படத்துக்குக் கீழே ‘கென்ய எழுத்தாளர்’ என்று அச்சாகியிருக்கிறது. அவர் நைஜீரியர். நாவல் வெளிவந்த ஆண்டும் 1997 என்று இலக்கம் மாறி வந்திருக்கிறது, 1979 என்று இருக்க வேண்டும். திருத்தம் போடும்போது இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
சிவகாசி.